வான்கார்டு 1: தடமறிதலின் வரலாறு

வான்கார்டு 1 என்பது ஐக்கிய அமெரிக்கா 1958 மார்ச் 17 அன்று விண்ணில் செலுத்திய சிறிய ஆய்வுச் செயற்கைக்கோள் ஆகும். 1.47 கிலோகிராம் எடையும் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட அலுமினியக் கோளம் இது. உள்வெப்பநிலையை அறியும் எளிய அமைப்பும், இரண்டு வானொலிப் பரப்பிகளும், சில சூரிய மின்கலங்களுமே இதில் இருந்தன. அக்காலத்துப் பிற செயற்கைக்கோள்களோடு ஒப்பிட்டால் இது சுமந்து சென்ற கருவிகள் மிகக் குறைவு.

ஆனால் பூமியின் வடிவம், மேல் வளிமண்டலத்தின் அடர்த்தி, சூரிய ஒளியின் அழுத்தம் ஆகியவை பற்றிய முக்கியமான கண்டுபிடிப்புகள் இந்தச் சிறு கோளத்திலிருந்தே கிடைத்தன. அவற்றைத் தந்தது கோளத்தில் இருந்த கருவி அன்று. அது எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று தரையிலிருந்து ஆண்டுக்கணக்கில் எடுக்கப்பட்ட பதிவுதான். செயற்கைக்கோளைப் பின்தொடர்வது அதைத் தொலைத்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு மட்டுமன்று, அதுவே ஓர் ஆய்வுமுறை என்பதை வான்கார்டு 1-இன் வரலாறு காட்டுகிறது.

பின்னணி

1957 சூலை 1 முதல் 1958 டிசம்பர் 31 வரையிலான காலம் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டாகக் கடைப்பிடிக்கப்பட்டது. பல நாட்டு அறிவியலாளர்கள் கடல், வளிமண்டலம், காந்தப்புலம், துருவப் பகுதிகள் ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்த காலம் அது. இதன் ஒரு பகுதியாகச் செயற்கைக்கோள் ஒன்றை ஏவப்போவதாக அமெரிக்கா 1955 சூலை 29 அன்று அறிவித்தது. தரைப்படையும் கடற்படையும் தனித்தனித் திட்டங்களை முன்வைத்தன. கடற்படை ஆய்வகத்தின் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டு, வான்கார்டு எனப் பெயரிடப்பட்டது. அதன் தலைவராக ஜான் ஹேகன் பொறுப்பேற்றார்.

கடற்படை ஆய்வகத்தின் முன்மொழிவில் ஏவூர்தியின் வடிவமைப்போடு, ஏவிய பின் செயற்கைக்கோளை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கும் விரிவான விடை இருந்தது. அன்று இது எளிய கேள்வி அன்று. நொடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒரு சிறு பொருள், தரையில் நிற்கும் ஒருவரின் தலைக்கு மேலே சில நிமிடங்களில் கடந்து போய்விடும். பகலில் வானத்தின் வெளிச்சம் அதை மறைக்கும். நள்ளிரவில் அது பூமியின் நிழலுக்குள் இருக்கக்கூடும். மேகம் சூழ்ந்தால் தொலைநோக்கியால் பயன் இல்லை. எனவே வானொலி அலைகளை நம்புவதென முடிவாயிற்று.

மினிடிராக் வலையமைப்பு

இதற்காக உருவாக்கப்பட்ட அமைப்பு மினிடிராக் என அழைக்கப்பட்டது. ஜான் மெங்கல், ராஜர் ஈஸ்ட்டன் உள்ளிட்ட கடற்படை ஆய்வகப் பொறியாளர்கள் இதை வடிவமைத்தனர். செயற்கைக்கோளில் 108 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் இயங்கும் மிகச் சிறிய பரப்பி ஒன்று இருந்தால் போதும். மீதி வேலையைத் தரையில் உள்ள அலைவாங்கிகள் செய்துவிடும் என்பதே இதன் அடிப்படை.

ஒன்றுக்கொன்று தள்ளி வைக்கப்பட்ட இரு அலைவாங்கிகளை எடுத்துக்கொள்ளலாம். செயற்கைக்கோள் நேர் உச்சியில் இருந்தால் அதன் அலை இரண்டையும் ஒரே நேரத்தில் வந்தடையும். சற்றுச் சாய்வாக இருந்தால் ஓர் அலைவாங்கிக்கு முன்னும் மற்றொன்றுக்குப் பின்னும் வரும். இந்த நேர வேறுபாடு அலையின் கட்ட வேறுபாடாகத் தெரியும். அதை அளந்தால் செயற்கைக்கோள் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். கிழக்கு மேற்காக ஓர் இணை, வடக்கு தெற்காக ஓர் இணை என அமைத்தால் வானில் அதன் திசை முழுமையாகக் கிடைத்துவிடும்.

அலைவாங்கிகளுக்கு இடையே உள்ள தூரம் கூடக் கூட அளவீட்டின் நுட்பமும் கூடும். மினிடிராக் நிலையங்களில் நீண்ட இணைகள் சுமார் 152 மீட்டர் இடைவெளியில் அமைக்கப்பட்டன. 108 மெகாஹெர்ட்சு அலையின் நீளமோ 2.8 மீட்டருக்கும் குறைவு. ஆதலால் நீண்ட இணை ஒரே அளவீட்டுக்குப் பல கோணங்களை விடையாகத் தரும். அவற்றுள் சரியானது எது என்று தெரிந்துகொள்ளக் குறைந்த இடைவெளி கொண்ட வேறு இணைகளும் வைக்கப்பட்டன.

அலைவாங்கிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கவும் ஒரு வழி கண்டனர். பரப்பியும் மின்னும் விளக்கும் பொருத்திய விமானம் ஒன்று இரவில் நிலையத்தின் மேலே பறக்கும். நிலையத்தின் நடுவில் உள்ள ஒளிப்படக் கருவி, அந்த விளக்கை விண்மீன்களின் பின்னணியில் படம் பிடிக்கும். விண்மீன்களின் இடம் துல்லியமாகத் தெரிந்தது ஆதலால், படம் காட்டும் திசையையும் வானொலி காட்டும் திசையையும் ஒப்பிட்டுப் பிழையைத் திருத்தலாம்.

நிலையங்கள் அமைந்த இடங்களிலும் ஒரு கணக்கு இருந்தது. புளோரிடாவின் கேப் கனாவெரலில் இருந்து கிழக்கு நோக்கி ஏவப்படும் வான்கார்டு, நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 35 பாகைக்குள் சுற்றிவரும். எனவே அமெரிக்கக் கண்டங்களின் ஊடே வடக்குத் தெற்காக ஒரு வரிசையில் நிலையங்களை அமைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் செயற்கைக்கோள் அந்த வரிசையைக் கடந்தே ஆகவேண்டும். மேரிலாந்தின் பிளாசம் பாயிண்ட், ஜார்ஜியாவின் போர்ட் ஸ்டூவர்ட், கியூபாவின் அவானா, எக்குவடோரின் கித்தோ, பெருவின் லீமா, சிலியின் அந்தோபகாஸ்தா, சாந்தியாகோ ஆகிய இடங்களில் அமைந்த நிலையங்கள் இந்த வேலியாக அமைந்தன. ஆன்டிகுவா, கலிபோர்னியாவின் சான் டியேகோ, ஆஸ்திரேலியாவின் ஊமெரா, தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்க் அருகே ஓர் இடம் ஆகியவற்றிலும் நிலையங்கள் இருந்தன. அளவீடுகள் தொலை அச்சு வழியே வாசிங்டனுக்கு அனுப்பப்பட்டு, ஐபிஎம் 704 கணினியில் சுற்றுப்பாதை கணக்கிடப்பட்டது.

ஸ்புட்னிக் வைத்த சோதனை

மினிடிராக் வேலி வான்கார்டுக்காகக் காத்திருந்தபோது, 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் 1-ஐ ஏவியது. 83.6 கிலோகிராம் எடையுள்ள அந்தக் கோளம் 96 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. அதன் பரப்பிகள் 20, 40 மெகாஹெர்ட்சு அதிர்வெண்களில் இயங்கின. 108 மெகாஹெர்ட்சுக்கென அமைக்கப்பட்ட மினிடிராக்கால் அதைக் கேட்க முடியவில்லை. பொறியாளர்கள் அவசரமாக வேலை செய்து, சில நிலையங்களில் 40 மெகாஹெர்ட்சுக்கு ஏற்ற அலைவாங்கிகளைச் சில நாட்களில் பொருத்தினர்.

இதே வேளையில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைபன்பாக் என்ற இரு இளம் இயற்பியலாளர்கள் 20 மெகாஹெர்ட்சு ஒலியைப் பதிவு செய்யத் தொடங்கினர். நெருங்கி வரும் தொடர்வண்டியின் ஊதல் கூர்மையாகவும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பது போலவே, ஸ்புட்னிக் நெருங்கும்போது அதன் அதிர்வெண் உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் இருந்தது. டாப்ளர் விளைவு எனப்படும் இம்மாற்றம் ஏறத்தாழ 500 ஹெர்ட்சு அளவுக்கு இருந்தது. மாற்றம் நிகழும் விதத்தைக் கூர்ந்து ஆராய்ந்தால், ஒரே இடத்தில் உள்ள ஒரே அலைவாங்கியைக் கொண்டே சுற்றுப்பாதையைக் கணக்கிட முடியும் என்று அவர்கள் காட்டினர்.

1958-இல் அவர்களது மேலாளர் பிராங்க் மெக்ளூர் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். தெரிந்த இடத்திலிருந்து செயற்கைக்கோளின் பாதையைக் காண முடியுமானால், தெரிந்த பாதையைக் கொண்டு தரையில் உள்ளவரின் இடத்தையும் காண முடியுமல்லவா? இக்கருத்திலிருந்தே டிரான்சிட் என்ற முதல் செயற்கைக்கோள் வழிகாட்டு அமைப்பு பிறந்தது. அதன் சோதனைச் செயற்கைக்கோளான டிரான்சிட் 1பி 1960 ஏப்ரலில் சுற்றுப்பாதையை அடைந்தது.

தோல்விகளும் வெற்றியும்

ஸ்புட்னிக்கிற்குப் பின் வான்கார்டு மீது பெரும் எதிர்பார்ப்பு குவிந்தது. ஏவூர்தியைச் சோதிப்பதற்காக மட்டும் திட்டமிடப்பட்டிருந்த ஓர் ஏவுதல், அமெரிக்காவின் பதிலடியாக உலகெங்கும் பார்க்கப்பட்டது. 1957 டிசம்பர் 6 அன்று ஏவூர்தி ஒரு மீட்டருக்குச் சற்று மேலே எழும்பி, மீண்டும் ஏவுமேடை மீதே விழுந்து வெடித்தது. தூக்கி எறியப்பட்ட சிறு கோளம் தரையில் கிடந்தபடியே வானொலிக் குறிகளை அனுப்பிக்கொண்டிருந்தது. செய்தித்தாள்கள் ஸ்புட்னிக் என்ற பெயரைத் திரித்து வான்கார்டைக் கேலி செய்தன. நெளிந்துபோன அந்தக் கோளம் இன்று வாசிங்டனில் உள்ள தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

இதற்கிடையே தரைப்படையின் எக்ஸ்புளோரர் 1 சுற்றுப்பாதையை அடைந்து அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் என்ற பெயரைப் பெற்றது. 1958 பிப்ரவரி 5 அன்று வான்கார்டின் இரண்டாவது முயற்சியும் தோற்றது. மார்ச் 17 அன்று மூன்றாவது முயற்சி வென்றது. சோவியத் தலைவர் நிகிதா குருசேவ் இக்கோளத்தைப் பம்பளிமாசு போன்றதொரு பழத்தோடு ஒப்பிட்டு ஏளனம் செய்தார்.

வான்கார்டு 1-இன் அடிப்படைத் தகவல்கள்:

- பூமிக்கு மிக அருகில் வரும் உயரம்: சுமார் 654 கிலோமீட்டர்
- மிகத் தொலைவில் செல்லும் உயரம்: சுமார் 3,969 கிலோமீட்டர்
- நிலநடுக்கோட்டுக்குச் சாய்வு: சுமார் 34.25 பாகை
- ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்: சுமார் 134 நிமிடங்கள்
- பரப்பிகளின் ஆற்றல்: மின்கல அடுக்கில் இயங்கியது 10 மில்லிவாட், சூரிய மின்கலத்தில் இயங்கியது 5 மில்லிவாட்

கைவிளக்கின் சிறு குமிழ் கூட இந்தப் பரப்பிகளைவிடப் பல மடங்கு ஆற்றலைச் செலவிடும். மின்கல அடுக்கில் இயங்கிய பரப்பி 1958 சூனில் ஓய்ந்துவிட்டது. தரைப்படையின் தகவல்தொடர்புப் பிரிவைச் சேர்ந்த ஹான்ஸ் சீக்ளர் வற்புறுத்தியதால் பொருத்தப்பட்ட சூரிய மின்கலங்களோ 1964 மே வரை உழைத்தன. விண்வெளியில் சூரிய மின்கலத்தைப் பயன்படுத்திய முதல் செயற்கைக்கோள் இதுவே. ஸ்புட்னிக் 1-இன் குரல் மூன்று வாரங்களில் நின்றுபோனது. வான்கார்டு 1-இன் குரலை ஆறு ஆண்டுகள் கேட்க முடிந்தது. தடமறிதல் ஆய்வுக்கு இந்த நீண்ட காலமே பெரும் செல்வமாயிற்று.

பாதையில் தெரிந்த பூமி

பூமி ஒரு முழுநிறை கோளமாக இருந்திருந்தால், செயற்கைக்கோளின் பாதை விண்வெளியில் ஒரே நிலையில் மாறாமல் இருக்கும். ஆனால் பூமி நிலநடுக்கோட்டில் சற்றுப் புடைத்தும் துருவங்களில் தட்டையாகவும் உள்ளது. அந்தப் புடைப்பு செயற்கைக்கோளின் பாதையை இடைவிடாமல் இழுக்கிறது. இதனால் வான்கார்டு 1-இன் சுற்றுத்தளம் நாளொன்றுக்குச் சுமார் 3 பாகை மேற்கு நோக்கித் திரும்பியது. பாதையில் பூமிக்கு மிக அருகில் உள்ள இடமான புவியண்மைப் புள்ளி நாளொன்றுக்குச் சுமார் 4.4 பாகை முன்னேறி, ஏறத்தாழ 80 நாட்களில் ஒரு முழுவட்டம் வந்தது.

இந்த மாற்றங்களை அளந்தால் புடைப்பின் அளவைக் கணக்கிடலாம். 1957 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்புட்னிக் 2-இன் பாதையை ஆராய்ந்து, இங்கிலாந்தின் பார்ன்பரோவில் டெஸ்மண்ட் கிங்-ஹீலியும் அவரது குழுவினரும் இவ்வழியில் சென்றனர். அதுவரை பூமியின் தட்டைத்தன்மை 297-இல் ஒரு பங்கு எனக் கொள்ளப்பட்டது. செயற்கைக்கோள்கள் அதை 298-இல் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு எனத் திருத்தின. சொற்ப மாற்றமாகத் தோன்றினாலும், துருவ ஆரத்துக்கும் நிலநடுக்கோட்டு ஆரத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் இது ஏறத்தாழ 90 மீட்டர் ஆகும். நிலத்தில் சங்கிலியும் கோணமானியும் கொண்டு தலைமுறை தலைமுறையாக நடந்த அளவைப் பணியின் முடிவு, சில மாத வானொலிப் பதிவால் திருத்தப்பட்டது.

வான்கார்டு 1 இதற்கும் ஒரு படி மேலே சென்றது. பூமியின் வடபாதியும் தென்பாதியும் ஒரே வடிவில் இருந்தால், புவியண்மைப் புள்ளி வடக்கே இருக்கும்போதும் தெற்கே இருக்கும்போதும் பாதையின் நீள்வட்டத் தன்மை மாறக்கூடாது. ஆனால் அது சீராகக் கூடியும் குறைந்தும் வந்தது. ஒரு முறை கூடிக் குறைய ஆன காலம் சுமார் 80 நாட்கள். அதாவது புவியண்மைப் புள்ளி ஒரு வட்டம் வர ஆகும் அதே காலம். காற்றின் தடையாலோ அளவீட்டுப் பிழையாலோ இத்தகைய ஒழுங்கு வர வாய்ப்பில்லை.

ஜான் ஓகீப், ஆன் எக்கல்ஸ், கென்னத் ஸ்குவயர்ஸ் ஆகியோர் 1959-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விளக்கம் தந்தனர். பூமியின் கடல்மட்ட வடிவம் வடதுருவத்தில் சுமார் 15 மீட்டர் உயர்ந்தும், தென்துருவத்தில் சுமார் 15 மீட்டர் தாழ்ந்தும், தென்பாதியின் நடுப்பகுதியில் சற்றுப் பருத்தும் உள்ளது என்பது அவர்களின் முடிவு. வடதுருவத்தில் காம்பு உள்ள பேரிக்காய் போன்றது என்ற உவமை உடனே பரவியது. உண்மையில் 12,700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விட்டத்தில் இது கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. ஆனால் பூமியின் உட்பகுதி முற்றிலும் இளகிய நிலையில் இருந்தால் இத்தகைய ஒழுங்கின்மை நிலைத்திருக்க முடியாது. எனவே பூமியின் உள்ளமைப்பு, அதன் வலிமை ஆகியவை பற்றிய விவாதங்களுக்கு இக்கண்டுபிடிப்பு புதிய சான்றாக அமைந்தது.

காற்றும் ஒளியும்

654 கிலோமீட்டர் உயரத்தில் காற்று இல்லை என்றே சொல்லிவிடலாம் எனப் பலர் கருதியிருந்தனர். வான்கார்டு 1 சுமார் 2,000 ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கும் என்று தொடக்கத்தில் மதிப்பிடப்பட்டது. ஆனால் அதன் சுற்றுக்காலம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்து வந்தது. மெல்லிய காற்று செயற்கைக்கோளைத் தடுக்கும்போது அதன் பாதை சுருங்கும். சுருங்கிய பாதையை அது குறைந்த நேரத்தில் சுற்றி முடிக்கும். எனவே சுற்றுக்காலம் குறையும் வேகமே காற்றின் அடர்த்தியை அளக்கும் கருவியாகிறது.

சுமித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தின் லூயிஜி யாக்கியா முதலானோர், தொடக்ககாலச் செயற்கைக்கோள்களின் சுற்றுக்காலங்களை ஆராய்ந்து, மேல் வளிமண்டலம் மாறாத ஒன்றன்று எனக் கண்டனர். சூரியன் தன்னைத்தானே சுற்றும் சுமார் 27 நாள் கால இடைவெளியில் காற்றின் அடர்த்தி ஏறி இறங்கியது. பகல் பக்கத்தில் காற்று விரிந்தும் இரவுப் பக்கத்தில் சுருங்கியும் இருந்தது. 1958 சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருந்த காலம் என்பதால் விளைவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

காற்றால் மட்டும் விளக்க முடியாத மாற்றமும் எஞ்சியது. பீட்டர் மியூசனும் உடன் ஆய்ந்தோரும் 1960-இல் அதன் காரணத்தைச் சுட்டினர். சூரிய ஒளி தரும் மிக நுண்ணிய அழுத்தமே வான்கார்டு 1-இன் புவியண்மை உயரத்தை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டிருந்தது. காற்றுத் தடையையும் ஒளியழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அதன் ஆயுள் சுமார் 240 ஆண்டுகளாகத் திருத்தப்பட்டது.

கண்ணால் பின்தொடர்தல்

வானொலிக் கண்காணிப்புக்குத் துணையாக ஒளிவழிக் கண்காணிப்பும் நடைபெற்றது. சுமித்சோனியன் ஆய்வகத்தின் பிரெட் விப்பிள் இதை முன்னின்று நடத்தினார். சிறு தொலைநோக்கிகளுடன் வானைக் கவனிக்கும் தன்னார்வலர் குழுக்கள் மூன்வாட்ச் என்ற பெயரில் பல நாடுகளில் இயங்கின. அவர்கள் தோராயமாகத் தந்த இடத்தைக் கொண்டு, பேக்கர்-நன் எனப்படும் பெரிய ஒளிப்படக் கருவிகள் விண்மீன்களுக்கு நடுவே செயற்கைக்கோளைத் துல்லியமாகப் படம் பிடித்தன. ஒரு கையில் அடங்கும் அளவுள்ள வான்கார்டு 1-ஐயும் அக்கருவிகள் படம் பிடித்தன.

உலகெங்கும் 12 இடங்களில் நிறுவப்பட்ட இக்கருவிகளுள் ஒன்று இந்தியாவின் நைனிடாலில் அமைந்தது. அங்குள்ள உத்தரப் பிரதேச மாநில வானாய்வகம் அதை இயக்கியது. இத்தகைய நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்து 1960-களில் உருவான புவி ஈர்ப்பு வரைபடங்கள், பேரிக்காய் உவமைக்கும் அடங்காத மேடு பள்ளங்களைக் காட்டின. அவற்றுள் மிக ஆழமானது இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தெற்கே உள்ளது. அங்கே ஈர்ப்பு குறைவாக இருப்பதால், சராசரிக் கடல்மட்டம் கணிதவழி நீள்கோளப் பரப்பைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துள்ளது. கப்பல்வழி ஈர்ப்பு அளவீடுகளில் 1948-இலேயே உணரப்பட்ட இந்தப் பள்ளத்தின் முழு உருவத்தைச் செயற்கைக்கோள்களின் பாதைகளே வரைந்து காட்டின.

பிற்கால வளர்ச்சி

1958 அக்டோபரில் நாசா தொடங்கப்பட்டதும் வான்கார்டு திட்டமும் மினிடிராக் வலையமைப்பும் அதன் பொறுப்புக்கு வந்தன. 1959 செப்டம்பரில் முடிவடைந்த வான்கார்டு திட்டத்தில், செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைக்க நடந்த 11 முயற்சிகளில் 3 மட்டுமே வென்றன. ஏவூர்தியின் கணக்கில் இது மோசமான முடிவு. தடமறிதலின் கணக்கில் அப்படிச் சொல்ல முடியாது. மினிடிராக் விரிவாக்கப்பட்டு, பின்னர் ஏவப்பட்ட பல அறிவியல் செயற்கைக்கோள்களுக்கும் பயன்பட்டது.

இந்த அறிவுக்கு இராணுவப் பக்கமும் உண்டு. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கு இலக்கின் இடமும் வழியில் உள்ள ஈர்ப்பும் சரியாகத் தெரிய வேண்டும். டிரான்சிட் அமைப்பும் கடற்படையின் ஏவுகணை நீர்மூழ்கிகளுக்காகவே முதலில் கட்டப்பட்டது. குறி எதுவும் அனுப்பாத செயற்கைக்கோள்களையும் கண்டறிய, ராஜர் ஈஸ்ட்டன் மினிடிராக் முறையையே மாற்றியமைத்து, அமெரிக்காவின் தென்பகுதியில் கிழக்கு மேற்காக ஒரு வானொலி வேலியை உருவாக்கினார். தரையிலிருந்து அனுப்பிய அலை செயற்கைக்கோளில் பட்டுத் திரும்புவதை அது பதிவு செய்தது. அவர் பின்னர் மேற்கொண்ட டைமேசன் திட்டம், இன்றைய புவியிடங்காட்டி அமைப்பான ஜிபிஎஸ்-இன் முன்னோடிகளுள் ஒன்றாயிற்று.

இன்றைய நிலை

வான்கார்டு 1-இன் கடைசிக் குறிகள் 1964 மே மாதம் கித்தோ நிலையத்தில் கேட்கப்பட்டன. அதன்பின் அது மௌனமாகவே சுற்றிவருகிறது. அதற்கு முன் ஏவப்பட்ட ஸ்புட்னிக் 1, ஸ்புட்னிக் 2, எக்ஸ்புளோரர் 1 ஆகிய மூன்றும் வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்துவிட்டன. ஆகவே மனிதர் செய்து விண்ணில் இன்றும் சுற்றிவரும் பொருட்களில் மிகப் பழமையானவை வான்கார்டு 1-உம், அதனுடன் சுற்றுப்பாதையை அடைந்த ஏவூர்தியின் கடைசி அடுக்கும் ஆகும். குறி அனுப்பாவிட்டாலும் தரையிலுள்ள கண்காணிப்புக் கருவிகள் அதன் இடத்தை இன்னும் பதிவு செய்து வருகின்றன. அதன் பாதையில் ஏற்படும் சிறு மாற்றங்கள், மேல் வளிமண்டலத்தின் நீண்டகாலப் போக்கை ஆராய்வோருக்கு இன்றும் பயன்படுகின்றன.